மொறட்டுவையா, ஃப்ரீகோட்கேம்ப்பா?

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் வாகரைப் பிள்ளைக்கோ பொத்துவில் பிள்ளைக்கோ, காசில்லாமல் கோடிங் படிக்க இந்த இரண்டும் நல்ல வழிகள்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடநெறி வெப் டிசைன், பைதன் என்ற நிரல்மொழி என்று படிப்படியாகப் போகும். சான்றிதழில் இருக்கும் பெயர் கொழும்புக் கம்பனிகளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வீடியோ விரிவுரைகள் டேட்டாவைத் தின்றுவிடும்.

2014இல் தொடங்கிய, கோடிங் கற்றுத்தரும் இலவச இணையத்தளமான ஃப்ரீகோட்கேம்ப்பில் பெரும்பாலும் வாசிப்பதும், அங்கேயே எழுதிப் பார்ப்பதும்தான். சிக்னல் வந்து வந்து போகும் ஊருக்கு இதுவே தோது. வெப் பக்கம் எழுதும்போது ஒரு டேக்கை (<p> போன்ற குறியை) மூட மறந்தாலும் அடுத்த படிக்கு விடாது. எரிச்சல்தான், ஆனால் கை பழகும். ஆங்கிலம்தான் கொஞ்சம் மிரட்டும். அதை மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சமாளிக்கலாம்.

போன் மட்டும் கையில் இருந்தால் ஃப்ரீகோட்கேம்ப்பில் தொடங்குங்கள். லப்டொப் கிடைத்ததும் மொறட்டுவைக்குப் பதியலாம்.