பழைய குயில்டிங் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் என் ரூ.7,18,000 போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

என் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ், முகவரியில் ஆள் இல்லை என்ற அஞ்சல்காரரின் குறிப்போடு நேற்று மாலை திரும்பி வந்துவிட்டது. இதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், இன்னொருவர் அதே கிடங்குக்குப் போய், அதே டீயைக் குடித்துவிட்டு, இதே போன்ற ஓர் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். மொத்தமாக நான் இழந்தது ரூ.7,18,000. வழக்குப் போடும் எண்ணம் இருப்பதால் யார் பெயரையும் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பழைய தொழில் இயந்திரங்களை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் ஓர் இணையதளம், அதில் பச்சை நிற டிக் அடையாளத்தோடு இருந்த ஒரு வியாபாரி என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

கரூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் குயில்ட், அதாவது உள்ளே திணிப்பு வைத்துத் தைத்த போர்வை, தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் என்னுடையது. ஒற்றை ஊசி இயந்திரங்களை வைத்துக்கொண்டு, மேல் துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே வாடிங்கை (பஞ்சு போன்ற திணிப்பு விரிப்பை) வைத்து ஒவ்வொரு கோடாக ஓட்டிக்கொண்டிருந்தோம். பெரிய ஆர்டர்கள் எல்லாம் பல ஊசி இயந்திரம் வைத்திருப்பவர்களிடமே போவதைப் பார்த்துத்தான், 94 அங்குல அகலத்தில் கம்ப்யூட்டர் வைத்த ஒன்றைத் தேடினேன். நூலைச் சங்கிலி போல வளையம் வளையமாகக் கோர்த்துத் தைக்கும் செயின் ஸ்டிட்ச் இயந்திரம் விலை குறைவாகக் கிடைத்தது. அடிநூல் சுற்றிய பாபினை மாற்றும் தொல்லையும் அதில் இல்லை. மெத்தைக்கு அது போதும். ஆனால் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் இழுக்க இழுக்கப் பிரிந்துகொண்டே போகும் என்பதால், துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் குயில்ட்டுக்குப் பார்ட்டிகள் மேல்நூலும் அடிநூலும் பின்னிப் பூட்டிக்கொள்ளும் லாக் ஸ்டிட்ச்தான் கேட்கிறார்கள். அந்தப் பச்சை டிக் வியாபாரியிடம் லாக் ஸ்டிட்ச் இயந்திரமே இருந்தது, அதுவும் ரூ.6,50,000 விலைக்கு.

நான் ஏமாந்த நேரத்தை இப்போதும் நிமிடக் கணக்கில் சொல்ல முடியும். கிடங்கில் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சிறிய மாலையும் போட்டிருந்தார்கள். கரண்ட் கொடுத்ததும் சத்தமே இல்லாமல் ஓடத் தொடங்கியது. வாடிங் வைத்த துணியில் அலை அலையாக ஒரு டிசைன் இரண்டு மீட்டருக்கு வந்தது; குனிந்து பார்த்தேன், ஒரு தையல்கூடத் தவறவில்லை. அப்போது அந்த ஆள் தன் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் வைத்து, "நீங்களே தட்டைக் கழட்டிப் பாருங்கண்ணா, எனக்கு ஒண்ணும் இல்ல, நாளைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாது பாருங்க" என்றார். இப்படிச் சொல்பவரிடம் போய்க் கழற்றிப் பார்ப்பது அவரை அவமதிப்பது போலாகும் என்று எனக்குத் தோன்றியது. ஸ்க்ரூ டிரைவரை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ரூ.7,18,000 என் கையை விட்டுப் போனது அந்த நொடியில்தான். பணம் அனுப்பியதெல்லாம் அதற்குப் பிந்தைய சடங்கு.

அந்த நேரத்தில் நான் பார்க்கத் தவறியவை இரண்டு. மூன்று வரிசை ஊசிகள் கொண்ட அந்த இயந்திரத்தில் முன்வரிசைக்கு மட்டுமே நூல் கோர்த்திருந்தார்கள். இரண்டாவது, அவர்கள் காட்டிய டிசைன். அலை டிசைனுக்குத் துணி முன்னோக்கி மட்டுமே நகர்ந்தால் போதும். வட்டமோ பூவோ தைக்க வேண்டுமானால், உருளைகள் துணியை முன்னே தள்ளிவிட்டு மறுபடி பின்னே இழுத்து, தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். உருளையைச் சுற்றியுள்ள சொரசொரப்பான பட்டை தேய்ந்திருந்தாலோ, பல்சக்கரத்தில் ஆட்டம் இருந்தாலோ, அது அந்தப் பின்னோட்டத்தில்தான் வெளியே தெரியும். பத்து ஆண்டுகளாகத் தையல் தொழிலில் இருக்கும் நான், ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை.

முன்பணமாக ரூ.50,000 ஃபோன் மூலம் கொடுத்தேன். முழுத் தொகைக்கும் பில் போட்டால் வரிச்சுமை எனக்குத்தான் ஏறும் என்று அக்கறையோடு சொல்லி, நிறுவனக் கணக்கில் ரூ.1,80,000 மட்டும் வாங்கிக்கொண்டு அதற்கே பில் கொடுத்தார்; மீதி ரூ.4,20,000 அவருடைய மச்சான் என்று சொல்லப்பட்டவரின் சொந்தக் கணக்குக்குப் போனது. இதற்கு நானும் தலையாட்டினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. லாரிக்கும் கிரேனுக்கும் ரூ.42,000, மாட்டிக் கொடுத்தவருக்கும் வயரிங் வேலைக்கும் ரூ.26,000. கூட்டினால் ரூ.7,18,000. அதில் பாதிக்கு மேல் என் மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய பணம்.

இயந்திரம் இறங்கியதும், தரையில் ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் சமன் செய்து, தனி எர்த் போட்டு, ஒரு குறையும் இல்லாமல்தான் நிறுத்தினோம். அதன் தகட்டில் 380 வோல்ட் என்றிருந்தது. நம் மூன்று பேஸ் லைனோ 415 வோல்ட். கிடங்கில் இயந்திரத்துக்குப் பின்னால் நான் கண்ணால் பார்த்த, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் லாரியில் வரவில்லை. கேட்டதற்கு, "அது எங்க கிடங்கோட செட்டப்புங்கண்ணா, மெஷினோட சேர்ந்தது இல்லையே" என்றார். அதற்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டு மூன்று வரிசைக்கும் நூல் கோர்த்து ஓட்டினோம். பின்வரிசைகளில் நான்கு அங்குலத்துக்கு ஒரு முறை தையல் விட்டுப்போனது. வட்டம் போட்டால் தொடக்கமும் முடிவும் அரை விரல்கடை தள்ளி நின்றன. ஆர்டர் கொடுத்தவர் அந்தச் சாம்பிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

உடனே அழைத்தேன். முதல் நாள் நூல் சரியில்லை என்றார், மாற்றினேன். அடுத்து ஊசி என்றார், அத்தனை ஊசியையும் மாற்றினேன். பிறகு வாடிங் கனம் அதிகம் என்றார். வாங்கும்போது இதே வாடிங் துண்டை அவர் கையில் கொடுத்துத்தான் கேட்டிருந்தேன். அதன் பிறகு அவருடைய டெக்னீஷியன் வெளியூரில் இருந்தார், பிறகு டெக்னீஷியனுக்குக் காய்ச்சல், பிறகு டெக்னீஷியனின் வீட்டில் ஒரு துக்கம். மூன்று வருடம் சர்வீஸ் என் பொறுப்பு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டபோது, பில்லின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பின்னர் எந்தப் பொறுப்பும் இல்லை என்று எறும்பு அளவு எழுத்தில் இருந்தது.

வேறு வழியில்லாமல் உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். பின்வரிசையின் தட்டைக் கழற்றி, ஊசிக்குக் கீழே நூலைப் பிடிக்கும் கொக்கியான ஒரு ஹூக்கின் முனையில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தார். நல்ல முனை நகத்தில் கோடு கிழிக்கும்; இது வெண்ணெயில் கத்தி போன மாதிரி வழுக்கிச் சென்றது. ஊசி அடியைத் தொட்டு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் எழும்போது, அதன் கண்ணுக்கு மேலுள்ள குழிவை ஒட்டி ஹூக்கின் முனை கடந்து நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். முனை மழுங்கியிருந்தால் ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் டைமிங்கை எவ்வளவு சரிசெய்தாலும் வளையம் நழுவும் என்று விளக்கினார். பிறகு முன்வரிசையைத் திறந்தார். அங்கே அத்தனை ஹூக்கும் புத்தம் புதிதாக மின்னின. எனக்குக் காட்டுவதற்காக ஒரே ஒரு வரிசையை மட்டும் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த ஆள் நீட்டிய ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் பின்வரிசையைத் திறந்திருந்தால், இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

இதோடு முடிந்திருந்தால்கூட ஹூக்குகளை மாற்றி ஓட்டியிருப்பேன். முப்பத்தோராம் நாள் காலையில் சுவிட்சைப் போட்டபோது, திரை கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது. தவணையில் விற்கும் இயந்திரங்களில், பணம் கட்டாவிட்டால் குறிப்பிட்ட நாளில் நின்றுபோகும்படி இப்படிப் பூட்டு வைப்பதுண்டு என்றார் மெக்கானிக். நான் தவணையே இல்லாமல் முழுப் பணத்தையும் கட்டியவன். வியாபாரிக்கு வேறு எண்ணிலிருந்து அழைத்தேன். "பாஸ்வேர்டு வாங்கித் தரலாங்கண்ணா, கம்பெனிக்காரன் நாப்பதாயிரம் கேக்குறான்" என்றார், கூச்சமே இல்லாமல். நான் கத்தினேன். அன்று மதியம் வாட்ஸ்அப்பில் அவர் படம் மறைந்தது. அதோடு அந்த எண்ணும் போயிற்று.

இணையதளத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், இரு தரப்பையும் அறிமுகம் செய்வதோடு அவர்கள் பணி முடிந்துவிடுவதாக மிகவும் மரியாதையாகச் சொன்னார். பச்சை டிக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஆண்டுச் சந்தா செலுத்தியவர்களுக்கு அது தரப்படுகிறதாம். காவல் நிலையத்தில், பொருள் கைக்கு வந்துவிட்டதால் இது சிவில் விவகாரம் என்றார்கள். நுகர்வோர் ஆணையத்தை வக்கீல் யோசிக்கிறார். வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை, சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்கியதற்கு உண்டு. ஆள் வைத்துத் தைக்கும் என்னை எதிர்த்தரப்பு எந்தப் பக்கம் தள்ளும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. அங்கேயும் என் கையில் இருக்கும் பில் ரூ.1,80,000க்கு மட்டுமே. ரூ.7,18,000 போனதற்கு நான் சாட்சி, என் மனைவி சாட்சி, அடகுக்கடை ரசீது சாட்சி.

வரிசையாகத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பொறுமை இல்லை. உங்கள் துணியையும் உங்கள் வாடிங்கையும் கொண்டுபோய், மூன்று வரிசைக்கும் நூல் கோர்க்கச் சொல்லி, வட்டம் போட்டுப் பாருங்கள், அதுவும் ஒரு மணி நேரமாவது. ஹூக்கை நகத்தில் இழுத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாதீர்கள். கொடுக்கும் முழுத் தொகைக்கும் பில் வாங்குங்கள், மச்சான் கணக்கு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திரையில் பூட்டு எதுவும் இல்லை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இயந்திரம் வராமலே பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எண்ணெய் விடுவது, பஞ்சு ஊதுவது போன்ற பராமரிப்பைப் பற்றியும் எழுத நினைத்தேன். ஓடுகிற இயந்திரம் உள்ளவர்கள் அதை எழுதட்டும். இயந்திரத்தை இயக்கும் கம்ப்யூட்டர் பகுதியான கன்ட்ரோலரையே கழற்றி வேறொன்று மாட்ட முடியுமா என்று பார்க்க ஒருவர் வந்திருக்கிறார், நான் கீழே போக வேண்டும்.