பூஸ்ட் மீட்டரா, ஸ்கேனரா? டர்போ அழுத்தத்தில் எதை நம்புவது

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; அது ஏற்றும் அழுத்தம்தான் பூஸ்ட். டாஷ்போர்ட்டில் பொருத்திய பூஸ்ட் மீட்டர் 16 என்கிறது. எஞ்சின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஓபிடி சொக்கெட்டில் ஸ்கேனர் அடாப்டரைச் செருகி போனில் பார்த்தால் 215. இரண்டும் ஒத்துவரவில்லை என்றதும், "டர்போ போயிட்டுது அண்ணே, மாத்தத்தான் வேணும்" என்று சொல்லிவிடுகிற கராஜ்கள் உண்டு. திருகோணமலையில் வான் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு டர்போ மாற்றுவது பல மாத உழைப்பு. எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று பார்க்காமல் அந்தச் செலவுக்கு யாரும் தலையாட்டக் கூடாது.

முதலில் அந்த 16, 215 கணக்கையே பார்ப்போம். மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே டர்போ எவ்வளவு ஏற்றியது என்பதை, பிஎஸ்ஐ என்ற அழுத்த அலகில். ஸ்கேனர் எண் வருவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சரிலிருந்து; அது அளப்பது வெளிக்காற்றையும் சேர்த்த முழு அழுத்தத்தை, கிலோபாஸ்கலில். கடல் மட்டத்தில் வெளிக்காற்று ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். 215இல் 101 போனால் 114. ஒரு பிஎஸ்ஐ 6.9 கிலோபாஸ்கல் என்பதால் 114 என்பது 16.5 பிஎஸ்ஐ. ஆக, இரண்டும் அரை பிஎஸ்ஐ வித்தியாசத்தில் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. அந்த டர்போவில் ஒரு குறையும் இல்லை.

திருகோணமலைக் கடலோரத்து உட்துறைமுக வீதியில் வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணிப் பாருங்கள். மீட்டர் 0, ஸ்கேனர் 100 அல்லது 101 காட்ட வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் வேறெதையும் கழற்ற வேண்டாம். காலநிலையைச் சாட்டவும் முடியாது. 2020 டிசம்பரில் நமக்கு வடக்கே கரையேறிய புரெவி மாதிரிப் புயலிலும் காற்றழுத்தம் ஓரிரு கிலோபாஸ்கல்தான் இறங்கும்.

மலை ஏறினால் கதை வேறு. ஹபரணை, தம்புள்ள, கண்டி தாண்டி றம்பொடை வளைவுகளில் ஏறி நுவரெலியா போய்ச் சேர்ந்தால் 1,868 மீற்றர் உயரம். அங்கே வெளிக்காற்று 81 கிலோபாஸ்கல் அளவில்தான். போன் செயலிகளில் பல, கொம்பியூட்டரிடமிருந்து வெளிக்காற்று அளவு கிடைக்காவிட்டால் கடல்மட்ட எண்ணையே கழிக்கும். அப்போது எஞ்சின் நிற்கும்போதே செயலி மைனஸ் 3 பிஎஸ்ஐ காட்டும். ஏற்றத்தில் இழுக்கும்போதும் அதே 3 குறையும். மறுபுறம், முழு அழுத்தத்தைக் குறிவைத்து ஓடும் எஞ்சின் அங்கேயும் 215ஐப் பிடிக்கப் பார்த்தால், மீட்டர் 19ஐத் தாண்டும். டர்போ அளவுமீறிச் சுழலாமலிருக்க உயரத்தில் குறியையே இறக்கிவிடும் கொம்பியூட்டர்களும் உண்டு, அவற்றில் மீட்டர் ஏறாது. இதெல்லாம் தெரியாமல் நுவரெலியாவில் பார்த்த எண்ணை ஊரில் பார்த்த எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இனி ஒவ்வொன்றாக. ஹோஸில் ஓடும் பழைய முள் மீட்டரை நான் இன்றும் மதிக்கிறேன். உள்ளே வளைந்த ஒரு பித்தளைக் குழாய், அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும், முள் திரும்பும். பிரான்ஸின் யூஜின் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடுதான். வயர் இல்லை, வோல்ட் இல்லை. மலிவு மீட்டர்களில் ஓரிரு பிஎஸ்ஐ பிசகு இருக்கும். ஹோஸுக்குள் ஒயிலும் தண்ணீரும் தேங்கினால் முள் மந்தமாகும்.

தனிச் சென்சரோடு வரும் எலக்ட்ரோனிக் மீட்டர் பார்க்க அழகு, வேகமும் நல்லது. ஆனால் அதன் உயிர் எர்த் வயரில் இருக்கிறது. 0 முதல் 300 கிலோபாஸ்கல் வரை 0.5இலிருந்து 4.5 வோல்ட் தரும் சென்சரில் 0.1 வோல்ட் பிசகினால் 7.5 கிலோபாஸ்கல், அதாவது 1 பிஎஸ்ஐக்கு மேல் பொய். கடற்காற்றில் பச்சை பிடித்த எர்த் பொல்ட் ஒன்று போதும். ஹெட்லைட் போட்டதும் பூஸ்ட் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் கோளாறு வயரிங்கில்.

ஸ்கேனருக்கு வேறு குறைகள். பொது ஓபிடி முறையில் இந்த அழுத்தம் வழக்கமாக 0 முதல் 255 வரை மட்டுமே எழுதக்கூடிய ஒரே பைட்டில் வருவதால் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் எண்ணே கிடையாது. நம் ஊர்க் கணக்கில் அது 22 பிஎஸ்ஐ. அதற்கு மேல் டர்போ எவ்வளவு ஏற்றினாலும் போன் 22இலேயே நிற்கும். மலிவு புளூடூத் அடாப்டரில் ஐந்தாறு விஷயங்களை ஒன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் ஆறுதலாகத்தான் புதுப்பிக்கும். கணநேர உச்சம் இடையில் தப்பிவிடும். ஆனாலும் குறிவைத்த அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட நல்ல ஸ்கேனரால் மட்டும்தான் முடியும்.

மீட்டரின் ஹோஸை எங்கே இணைத்தீர்கள் என்பதும் முக்கியம். டர்போ வாயில் இணைத்த மீட்டர், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கும் சென்சரைவிட ஒன்று முதல் மூன்று பிஎஸ்ஐ வரை கூடக் காட்டலாம். டர்போவைக் கட்டுப்படுத்த வேக்குவத்தால் இயங்கும் அக்சுவேட்டரின் ஹோஸில் இணைத்தால் அது காட்டுவது பூஸ்ட்டே அல்ல.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். ஸ்கேனர் தனி சாட்சி அல்ல. மேப் சென்சர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்கிறது. அதே சென்சரை நம்பித்தான் கொம்பியூட்டர், பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டர்போவின் இறக்கைகளைத் திருப்புகிறது. டீசல் வாகனத்தில் அந்தச் சென்சரைக் கழற்றிப் பாருங்கள்: புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வழியே வந்த புகைக்கரியும் ஒயில் ஆவியும் சேர்ந்து தார் போலத் துவாரத்தை மூடியிருக்கும். அப்படியான சென்சர் 15 கிலோபாஸ்கல் குறைத்துச் சொன்னால், கொம்பியூட்டர் அந்த 15ஐக் கூட்டி ஏற்றிவிடும். ஸ்கேனரில் குறியும் அளவும் ஒட்டிக்கொண்டு சரியாகத் தெரியும். டர்போவோ நாள்தோறும் 2 பிஎஸ்ஐ கூடுதலாக உழைத்துத் தேயும். இதைக் காட்டிக்கொடுக்க கொம்பியூட்டரோடு சம்பந்தமில்லாத முள் மீட்டரால்தான் முடியும். அதனால்தான் இரண்டில் ஒன்று போதும் என்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. தினசரி ஓட்டத்துக்கு முள் மீட்டர், கோளாறு தேட ஸ்கேனர். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் மீட்டரை வாங்குங்கள். ஸ்கேனரை இரவல் வாங்கலாம்.

இரண்டும் ஒத்துவராதபோது யார் பொய் என்று பிடிக்க, ஒரு டீ மூட்டும் கைப்பம்பும் போதும். சென்சரைக் கழற்றி, அதன் வயர் சொக்கெட்டை மட்டும் கழற்றாமல், அதன் மூக்கு, மீட்டர் ஹோஸ், பம்பு மூன்றையும் டீயில் இணையுங்கள். எஞ்சின் நிற்க, சாவி ஒன்னில், மெதுவாக மீட்டரில் 10 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். ஸ்கேனர் 170 சொல்ல வேண்டும். 155 சொன்னால், முதலில் இன்னொரு மீட்டரை மாட்டிப் பாருங்கள். அதிலும் அப்படியே வந்தால் மாற்ற வேண்டியது சென்சர். 170 சொல்லியும் ஓட்டத்தில் பூஸ்ட் குறைந்தால் இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளிப்புகளையும் அடிப்பக்க வெடிப்புகளையும் தேடுங்கள். டர்போவில் கைவைப்பது அதற்குப் பிறகு.