பொலியூ என்கிற தலைவலி

ஆபீஸ்ல ஒருத்தர் நேத்து கேட்டார், அந்த வம்சாவளி சைட்டு சந்தா பாதி விலைக்கு போட்டிருக்கான், வாங்கலாமா, நீங்கதான் மூணு வருஷமா கட்டுறீங்களேன்னு. அவர் வீட்டம்மாவும் என் வீட்டம்மா மாதிரி கியூபெக்காரங்கதான், கனடாவுல பிரெஞ்சு பேசற மாகாணம். லஞ்ச் டைம்ல சொல்லி முடியல, அதான் இங்க எழுதறேன். சைட்டு பேர் வேணாம் விடுங்க.

நல்லதை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் கோவத்துல மறந்துடுவேன். கியூபெக் சர்ச் ரெஜிஸ்டர் இருக்கே, அது புதையல். 1621லேர்ந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க, பின்னாடி ரெண்டு காப்பி வேற, ஒண்ணு சர்ச்சுல, இன்னொண்ணு கோர்ட்டுக்கு. கல்யாண என்ட்ரில ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேரும் இருக்கும், அம்மா பேரு பொறந்த வீட்டு பேரோடயே. ரெண்டாம் கல்யாணம்னா மட்டும் செத்துப்போன புருஷன் இல்ல பொண்டாட்டி பேரை எழுதிட்டு அப்பா அம்மாவை விட்ருவாங்க, அப்ப முதல் கல்யாணத்தை தேடணும். இப்படியே மாமியாரோட அம்மா, அவங்க அம்மான்னு ஏறிப்போனா பதினோராவது படில 'ராஜாவின் மகள்' ஒருத்தி. 1663-1673ல பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி செலவு பண்ணி இங்க குடியேற கப்பல் ஏத்தி அனுப்பின சுமார் 800 பொண்ணுங்கள்ல ஒருத்தி, கையெழுத்து போட தெரியாதுன்னு பாதிரியார் எழுதியிருக்கார். மாமியார் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்காங்க. எங்க பாட்டியோட பாட்டி பேரு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது, அது வேற கதை.

இப்ப எரிச்சலுக்கு வரேன். மாமியாரோட அப்பா பக்கம் குடும்பப் பேரு பொலியூ. 1800 கிட்ட வந்ததும் ஆளே காணோம். எட்டு மாசம். எட்டு மாசம் சைட்டுல பொலியூ பொலியூன்னு தட்டினேன், ஒண்ணும் வராது, இல்லன்னா சம்பந்தமில்லாத ஊர் பொலியூ நாப்பது பேரை கொண்டுவந்து கொட்டும், அதுல பாதி ஜோசப், ஏன்னா ஆம்பள குழந்தைன்னா முன்னாடி ஜோசப், பொண்ணுன்னா மரி, கூப்பிடுற பேரு கடைசிலதான் வரும். சப்போர்ட்டுக்கு எழுதினா எழுத்தை மாத்தி மாத்தி தேடிப் பாருங்கன்னு பதில். கடைசில ஒரு சனிக்கிழமை ரிவியேர்-உவெல்ங்கிற ஊரோட சர்ச் ரெஜிஸ்டரை பக்கம் பக்கமா நானே திருப்பினேன், அங்க சாவகாசமா உக்காந்திருக்கான், "ஹூடோன் டி பொலியூ".

டி-ன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம ஊர் பேப்பர்ல ரவுடி பேருக்கு நடுவுல போடுவானே 'என்கிற', அதேதான். பட்டாளத்துல வெச்ச பேரு, நிலத்தோட பேரு, ஏதோ ஒண்ணு குடும்பப் பேரோட ஒட்டிக்கும். அப்புறம் ஒரே ஆளு கல்யாணத்துல ஹூடோன், பிள்ளை ஞானஸ்நானத்துல பொலியூ, அடக்கத்துல ரெண்டும். அண்ணன் பரம்பரை ஹூடோன்னும் தம்பி பரம்பரை பொலியூன்னும் போயிடும். கியூபெக் வம்சாவளில அரிச்சுவடியே இதுதான், ஆனா வருஷா வருஷம் காசு வாங்குற சைட்டுக்கு இந்த ரெண்டு பேரையும் முடிச்சு போட தெரியலைங்க! சிப்ரியன் தாங்கே-ன்னு ஒரு பாதிரியார், 1871-1890ல ஏழு வால்யூம் வம்சாவளி அகராதி போட்டார், கம்ப்யூட்டரா இருந்துச்சு அவர்கிட்ட? ஏழாவது வால்யூம் பின்னாடி எந்தப் பேரு எந்தப் பேரா மாறும்னு பட்டியலே குடுத்திருக்கார். அவர் அகராதில தப்பும் நிறைய, ஒத்துக்கறேன், ஆனா அந்தப் பட்டியல் நெட்ல ஓசில கிடைக்குது.

நியாயமா சொன்னா அந்த சைட்டுல ரெஜிஸ்டர் படம் தெளிவா இருக்கு, டவுன்லோடு வேகம், மூணு வருஷத்துல ஒரு தடவை கூட சைட்டு படுக்கல. இருந்தாலும் வாங்காதீங்க. பாதி விலைக்கும் வேணாம். கியூபெக் தேசிய நூலகம் சைட்லயும் FamilySearch-ங்கிற சைட்லயும் ரெஜிஸ்டர் ஓசிலயே பாக்கலாம், முதல்ல தாங்கே பட்டியல்ல வீட்டம்மாவோட குடும்பப் பேரை தேடி 'என்கிற' எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு அப்புறம் உக்காருங்க.

நான் போன வாரமே ரினியூவலை கேன்சல் பண்ணிட்டேன். மாமியார்கிட்ட இன்னும் சொல்லல, அவங்க அப்பாவோட அம்மா பக்கம் ருவா டி தெஜார்தானாம், இந்த ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கணுமாம்.