குளிசைக்குக் குறையில்லை, அந்தத் துண்டுக்குத்தான் கோபம்

சென்ற கிழமை பக்கத்து வீட்டு அக்கா மருந்துச் சிட்டையோடு வேலியோரம் வந்து நின்றார். "தங்கச்சி, நீரும் இதைத்தானே போடுகிறீர்? மாதாமாதம் காசுக்கு என்ன செய்கிறீர்?" என்று கேட்டார். கொலஸ்ரோலைக் குறைக்கும் அற்றோவஸ்ரற்றின் 20 மில்லிகிராம். 4 வருடமாக நான் விழுங்கிவரும் அதே குளிசை. அடுப்பில் சோறு கொதித்ததால் அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

குளிசையைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. சொதியை நிறுத்தினால் போதும் என்றார்கள், நிறுத்தியும் பார்த்தேன். உடம்பின் கொலஸ்ரோலில் பெரும்பகுதியை ஈரலே உற்பத்தி செய்கிறது, தேங்காய்ப்பாலை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. 168இல் நின்ற என் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ரோல்) அளவு, குளிசை தொடங்கி மூன்று மாதத்தில் 92க்கு இறங்கியது.

அதை வாங்குவதுதான் பெரும்பாடு. முதல் ஒன்றரை வருடம் தனியார் வைத்தியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரு கம்பனியின் வர்த்தகப் பெயரை எழுதித் தருவார், நானும் மறுபேச்சில்லாமல் வாங்குவேன். முன்பள்ளி ஆசிரியை ஒருத்தியின் கொடுப்பனவு எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். 2022இல் தட்டுப்பாடும் விலையேற்றமும் சேர்ந்து வந்தபோது, அம்மாவின் பழைய பாக்குவெட்டியால் குளிசையை இரண்டாக வெட்டத் தொடங்கினேன். 30 குளிசை 60 நாளுக்கு. வெட்டும்போது உதிரும் வெள்ளைத் தூளையும் விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வேன். அடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். மறுபடி 141. யாரும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பியிடம் கேட்டேன். மறுநாளே காசு அனுப்பினான். இரவு வேலை செய்பவனிடம் மாதாமாதம் கேட்க மனம் வரவில்லை. அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பற்றி விசாரிக்கக் கிராம அலுவலரிடம் போனேன். அதில் சிறுநீரக நோயாளருக்கும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு, கொலஸ்ரோலுக்கு இல்லை என்று பொறுமையாக விளக்கினார். எழும்பப்போன என்னிடம், "அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துவிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டார். ஒன்றரை வருடமாக ஒரு வைத்தியரும் கேட்காத கேள்வி அது. இந்த விடயத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பண உதவி அந்த ஒற்றைக் கேள்விதான்.

இப்போது மாதம் ஒரு செவ்வாய், கொக்குவிலில் காலை ஆறு மணி பஸ். இலக்கம் எடுத்து, பொலித்தீன் உறை போட்ட கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பார்ப்பதற்கும் மருந்துக்கும் ஒரு சதம் கிடையாது. பழுப்புக் கடதாசிப் பையில் 'இரவு 1' என்று எழுதித் தருவார்கள். அந்தப் பையைக் கையில் வாங்கும்போது வரும் நிம்மதியை மறைக்க மாட்டேன்.

ஆனால் சில மாதங்களில் பைக்குப் பதில் ஒரு துண்டு வரும், 'வெளியில் வாங்கவும்' என்று. கையிருப்பில் இல்லையென்றால் இல்லைதான், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐந்து மணி நேரம் காக்கவைத்து, கடைசி யன்னலில் வைத்தா அதைச் சொல்வது? இன்று இல்லாத மருந்துகளைக் காலையிலேயே வாசல் கரும்பலகையில் எழுத ஒரு வெண்கட்டி போதாதா? என் பின்னால் நின்ற வயோதிபர் ஒருவர் அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அவர் வாங்கியிருப்பாரா என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அந்தத் துண்டிலும் ஒரு நன்மையைக் கண்டுகொண்டேன். அதில் இருப்பது வர்த்தகப் பெயர் அல்ல, எந்தக் கம்பனி செய்தாலும் மாறாத மருந்தின் பொதுப்பெயர். அதை அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவுக்குக் கொண்டுபோனால், முன்பு கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்தக் கடைகளை நடத்தும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. பொதுப்பெயரில் மருந்து எழுத வேண்டும் என்று வாதாடிய மனிதர். அவரை நன்றியோடு நினைக்காமல் நான் அந்தக் கடைப் படி இறங்குவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தக் கிளினிக்குக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் இன்று நான்குதான் தருவேன். நேற்றும் துண்டுதான் கிடைத்தது.

அக்கா அடுத்த முறை என்னோடு வருகிறார். கொலஸ்ரோல் பரிசோதனை அறிக்கையையும் அடையாள அட்டையையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஒரு போத்தல் தண்ணீரும்.