கல்யாணப் பத்திரிகை என்று வந்த வைரஸ்: ஸ்கேனா, கையால் களையெடுப்பா, ரீசெட்டா?

வைகாசி பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்திரிகை மழைதான். படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், நாதஸ்வரம் ஒலிக்க வீடியோவாகவும் வரும். அதனால் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் எண்ணிலிருந்து ‘திருமண அழைப்பிதழ்’ என்று ஒரு ஃபைல் வந்தபோது, தென்காசியில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா யோசிக்கவே இல்லை. அமுக்கிப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டார்.

“எல, பத்திரிகைய அமுக்குதேன், ஒண்ணும் வரமாட்டேங்குது. உனக்குத் திறந்துச்சா?”

“நடுவுல ஏதாவது கேட்டுச்சா சித்தப்பா?”

“என்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் சரி, சரின்னு குடுத்தேன்.”

அரை மணி நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் தானாக வெளியேறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே ‘அழைப்பிதழ்’ அவர் எண்ணிலிருந்தே எனக்கும், குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் வந்து சேர்ந்தது. அனுப்பியது சித்தப்பா என்பதால் இன்னும் ரெண்டு பேர் அமுக்கினார்கள்.

இந்தத் தந்திரம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேச சைபர் போலீஸார் இதே கல்யாணப் பத்திரிகை ஃபைலைப் பற்றி எச்சரித்தார்கள். போக்குவரத்து அபராத ரசீது, கேஒய்சி புதுப்பிப்பு, பிஎம் கிசான் பட்டியல் என்று வேஷம் மாறும். லிங்காக வந்தாலும் ஃபைலாக வந்தாலும் கடைசியில் இறங்குவது ‘.ஏபிகே’ (.apk) என்று முடியும் ஒன்று. அப்படி முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப்.

திறந்தாகிவிட்டது. இனி என்ன? எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தோம். சாமர்த்தியத்தால் இல்லை, முதல் இரண்டும் போதும் என்று ஏமாந்ததால்.

ஆன்டிவைரஸ்: பத்து நிமிட நிம்மதி

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். செலவும் இல்லை. நம் சென்னைக்காரர்களின் கே7, புனேயின் குவிக் ஹீல் எல்லாம் இருக்கின்றன. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய எம்-கவச் 2 அதில் ஒன்று. நாங்கள் போட்டது வேறொரு ஆப். அது ஓடி முடித்து ஒன்றைக் கண்டுபிடித்தது, நீக்கச் சொன்னது, நீக்கினோம், பச்சை நிற டிக் காட்டியது.

அந்தப் பச்சையை நம்பியதுதான் பிசகு. கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் என்பது வீட்டின் எல்லா அறைச் சாவியும் வைத்திருக்கும் காவல்காரர். ஆண்ட்ராய்டில் அவரும் பக்கத்து அறைக் குடித்தனக்காரர்தான். ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி அறையில் பூட்டப்பட்டிருக்கும். ஒன்றின் உள்ளே இன்னொன்று எட்டிப்பார்க்க முடியாது. அதனால் நாம் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கும் ஆன்டிவைரஸால் இன்னொரு ஆப்பைத் தானாகத் தூக்கி எறியவும் முடியாது, ‘இதை நீக்குங்கள்’ என்று நம்மிடம் சொல்லத்தான் முடியும். பிளே ஸ்டோரோடு சேர்ந்தே வரும் கூகுளின் காவல், பிளே புரொடெக்ட், கொஞ்சம் விதிவிலக்கு. அதற்குக் கூடுதல் அதிகாரம் உண்டு, கெட்ட ஆப்பை முடக்கவும் நீக்கவும் செய்யும். ஆனால் வாரத்துக்கொரு புது வேஷத்தில் வருவதை முதல் நாளே பிடித்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

வருமுன் காக்க ஆன்டிவைரஸ் இருக்கட்டும். வந்தபின் அதன் சொல்லைக் கடைசித் தீர்ப்பாக எடுக்காதீர்கள்.

கையால் களையெடுப்பது

விஷயம் தெரிந்த பையன்கள் விரும்பும் வழி. எனக்கும் இதில் ஒரு ருசி இருந்தது. போனை சேஃப் மோடில் ஏற்ற வேண்டும். பெரும்பாலான போன்களில் பவர் பட்டனை அழுத்தி, ‘பவர் ஆஃப்’ என்பதை விடாமல் அமுக்கினால் கேட்கும். அந்த நிலையில் நாம் நிறுவிய ஆப்கள் எதுவும் ஓடாது. செட்டிங்ஸில் ஆப்களின் முழுப் பட்டியலைத் திறந்து தெரியாததை எல்லாம் தேட வேண்டும். ஐகான் இல்லாமல், பெயரே இல்லாமல், அல்லது ‘அப்டேட் சர்வீஸ்’ மாதிரி சாதுவான பெயரில் ஒளிந்திருக்கும். ‘அன்இன்ஸ்டால்’ பட்டன் மங்கிக் கிடந்தால் அது டிவைஸ் அட்மின் அதிகாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். செக்யூரிட்டி பகுதியில் போய் அந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டு நீக்க வேண்டும். திரையைப் படிக்க விடும் அக்சஸிபிலிட்டி, அறிவிப்புகளைப் படிக்க விடும் நோட்டிஃபிகேஷன் அனுமதிகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெயரில்லாத ஒன்றைக் கண்டுபிடித்து நீக்கினேன். சித்தப்பாவிடம் “முடிஞ்சது, சித்தப்பா” என்று பெருமையாகச் சொல்லி சிம்மைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அன்று ராத்திரியே வாட்ஸ்அப் மறுபடி வெளியேறியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த வகைகளில் முதலில் வருவது பல நேரம் வெறும் எடுபிடி. அதன் வேலை உள்ளே நுழைந்து இன்னொன்றை இறக்கிவைப்பது. எடுபிடியைப் பிடித்தவன் எஜமானை விட்டுவிட்டேன். இந்த வழியின் குறை இதுதான்: கண்டுபிடித்ததை நீக்கலாம், கண்டுபிடிக்காதது எத்தனை என்று தெரியாது.

ரீசெட்: நான் நிற்கும் பக்கம்

ரீசெட் என்றால் போனை முழுக்கத் துடைத்து, வாங்கிய நாள் நிலைக்கே கொண்டுபோவது. இதற்கு அரைநாள் போகும். போட்டோ, பழைய சாட், கடைக் கணக்கு ஆப் என்று எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டும். ஆனாலும் சித்தப்பா போனுக்கு இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு ஒரே காரணம் எஸ்எம்எஸ்.

நம் ஊரில் பணம் முழுக்க எஸ்எம்எஸ் என்ற ஒற்றை நூலில் தொங்குகிறது. வாட்ஸ்அப்பைப் புது போனில் திறக்க எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்க எண் வரும். அதைப் படிக்கத் தெரிந்த ஆப் உள்ளே இருந்தால், வேறெங்கோ ஒருவன் உங்கள் எண்ணில் வாட்ஸ்அப் திறந்துவிடுவான். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். யுபிஐ இன்னும் மோசம். புதிதாக யுபிஐ ஆப்பைப் பதிவு செய்யும்போது உங்கள் எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும், அதை வைத்துத்தான் ‘இந்த போன் இவருடையது’ என்று முடிவாகிறது. எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதியை வாங்கிய திருட்டு ஆப் அந்தச் செய்தியை உங்கள் சிம்மிலிருந்தே அனுப்பிவிட்டால், அவன் போன் உங்கள் போனாகிவிடும். யுபிஐயின் ரகசியப் பின் (PIN) எண்ணை மாற்ற டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதி மாதமும் வேண்டும், ஆனால் போனில் கார்டைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்!

ஆகவே கேள்வி ‘வைரஸ் போய்விட்டதா’ என்பது இல்லை. ‘இந்த போனில் மறுபடி பேங்க் எண்ணின் சிம்மைப் போடலாமா’ என்பதுதான். ஸ்கேன் செய்தால் பச்சை டிக் கிடைக்கும். கையால் களைந்தால் ‘நான் பார்த்தவரை இல்லை’ என்று சொல்லலாம். ரீசெட் போட்டால் நாமாக நிறுவியது அத்தனையும் போய்விடும், இன்னதுதான் மிச்சம் என்று யோசிக்கத் தேவையில்லை. 2021இல் ஐரோப்பாவில் ஃப்ளூபாட் என்ற ஆண்ட்ராய்டு வைரஸ் கூரியர் லிங்க்காக எஸ்எம்எஸ்ஸில் பரவியபோது, பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் மாட்டிக்கொண்டவர்களுக்கு ரீசெட்டைத்தான் சொன்னது.

இதைச் சித்தப்பா வீட்டில் நேரிலேயே பார்த்தேன். ரீசெட் முடியும்வரை சிம்மை ஒரு பழைய கீபேட் போனில் போட்டு வைத்தோம். யாரும் கேட்காத ஓடிபிகள் அதில் வந்துகொண்டே இருந்தன. ஒரு நாள் மட்டும் ஐந்து. அவை எல்லாம் முந்தைய நாள் வரை சித்தப்பா கண்ணில் படாமலே யாருக்கோ போய்க்கொண்டிருந்தவை.

ரீசெட்டை அவசரப்பட்டும் போடக் கூடாது. எங்கள் அனுபவத்தில் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் வைஃபை, டேட்டா இரண்டையும் அணைத்து சிம்மைக் கழற்ற வேண்டும். வேறு போனிலிருந்து பேங்குக்குப் பேசி யுபிஐ, நெட் பேங்கிங்கை நிறுத்தச் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணமானாலும், பேங்கில் புகார் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு பேங்கைச் சேரும். அதனால் இந்த போன்காலுக்கு ரீசெட்டை விட மதிப்பு அதிகம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930. வந்த செய்தியையும் ஃபைலின் பெயரையும் அனுப்பிய எண்ணையும் இன்னொரு போனால் படம் எடுத்து வைக்க வேண்டும், ரீசெட் போட்டால் சாட்சியும் சேர்ந்து அழிந்துவிடும். ஸ்கேனிடமும் கைக்களையெடுப்பிடமும் ரீசெட் தோற்கும் இடம் இது.

பிறகு ஜிமெயில். எங்களுக்குப் பாதி நாள் இதில்தான் போனது. சித்தப்பாவின் கூகுள் கணக்கை போன் வாங்கிய கடைப் பையன் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறான், பாஸ்வேர்டு அவனுக்கும் ஞாபகம் இல்லை. பாஸ்வேர்டு தெரியாமல், பட்டன்களை அழுத்தி ரிக்கவரி வழியாக ரீசெட் போட்டிருந்தால் போன் பழைய கணக்கைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றிருக்கும். சுத்தமான ஒரு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மீட்டு, மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிய பிறகே செட்டிங்ஸ் வழியாக ரீசெட் கொடுத்தோம்.

போட்டோக்களை ஒயர் போட்டு கம்ப்யூட்டருக்கு எடுத்தோம், டவுன்லோட் ஃபோல்டரைத் தொடவில்லை. போனிலிருந்து போனுக்கு அப்படியே மாற்றித் தரும் குளோன் ஆப்களைத் தவிர்த்துவிடுங்கள், சனியன் அதிலும் ஏறி வரலாம். மெமரி கார்டு இருந்தால் அதைத் தனியாகத் துடைக்க வேண்டும். வாட்ஸ்அப் சாட்டை கூகுள் டிரைவிலிருந்து மீட்டால் பழைய செய்திகளோடு அந்த அழைப்பிதழ்ச் செய்தியும் திரும்பி வந்து உட்காரும். சித்தப்பா மறுபடி அமுக்குவதற்குள் நானே அதை அழித்தேன்.

ரீசெட்டால் ஆகாதது ஒன்று உண்டு: வெளியே போனதை அது திரும்பக் கொண்டுவராது. திருடன் போனில் திறந்திருக்கும் வாட்ஸ்அப்புக்கும் உங்கள் ரீசெட்டுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் எண்ணில் மறுபடி பதிவு செய்தால்தான் அவன் வெளியேறுவான். அவன் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்ற கூடுதல் பின் (PIN) எண் வைத்துவிட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் எஸ்எம்எஸ் எண்ணைப் போட்டதுமே அவன் வெளியே போய்விடுவான், அது போதும். உள்ளே நுழைந்ததும், உங்கள் கணக்கு வேறெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலைப் பார்த்து, நீங்களே இரண்டடுக்குப் பின் எண் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசெட்டையே தாண்டிப் பிழைத்த வைரஸும் உண்டு. 2019இல் பேசப்பட்ட எக்ஸ்ஹெல்ப்பர் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 6, 7 ஓடும் பழைய போன்களில் சிஸ்டம் பகுதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று 2020இல் ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கை விளக்கியது. அத்தனை பழைய போன் என்றால் கடையில் கொடுத்து சாஃப்ட்வேரையே புதிதாக ஏற்ற வேண்டும். என்னைக் கேட்டால் அந்தக் காசைப் புது போனுக்குச் சேர்த்துவைப்பேன். ஐபோனில் ஏபிகே இறங்காது; லிங்க் வழியே பாஸ்வேர்டு பிடுங்கும் பக்கங்கள் அங்கேயும் உண்டு. நான் ஐபோன் பழுது பார்த்ததில்லை, அதனால் அதற்கு இந்த ஒப்பீட்டை நீட்டவில்லை.

கம்ப்யூட்டர் என்றால் என் தீர்ப்பு மாறும். 2012 அக்டோபரில் ஸ்கைப்பில் ‘இது உன் புது புரொஃபைல் படமா’ என்று கேட்டு ஒரு லிங்க் சுற்றியது நினைவிருக்கும், 2017இல் ஃபேஸ்புக் மெசஞ்சரில் வீடியோ வேஷத்தில் டிக்மைன் என்ற வைரஸ் வந்தது. அங்கே ஆன்டிவைரஸுக்குச் சாவி உண்டு, எனவே ஸ்கேனில் தொடங்கலாம்.

வராமல் தடுப்பதற்கு ஒரே ஒரு சுவிட்ச் போதும். செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடி வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அணைத்துவிடுங்கள். சாம்சங் என்றால் ‘ஆட்டோ பிளாக்கர்’ அந்த வேலையைச் செய்யும்.

சித்தப்பா இப்போது ரெண்டு போன்காரர். பெரிய கணக்கின் சிம் கீபேட் போனிலேயே தங்கிவிட்டது. கொஞ்சப் பணம் மட்டும் கிடக்கும் இன்னொரு கணக்கும் அதன் எண்ணும் ஸ்மார்ட்போனில், யுபிஐக்கு. புது ஜிமெயில் பாஸ்வேர்டு கடையின் பற்று வரவு நோட்டில், கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதை அங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.