நெல்லுக்கான இலை வண்ண அட்டை: ஒரு பயனாளரின் மதிப்பீடு

நட்ட நாளை எண்ணி மேலுரம் (வளரும் பயிருக்குத் தவணையாக இடும் உரம்) இடுவதே நெல் சாகுபடியில் நெடுங்கால வழக்கம். அந்த நாளில் பயிருக்குத் தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) உண்மையிலேயே தேவைப்படுகிறதா என்பதை இலையின் நிறத்தைக் கொண்டு அறிய உதவுவதுதான் இலை வண்ண அட்டை. ஜப்பானில் உருவான இக்கருத்தைப் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஆசிய விவசாயிகளுக்கு ஏற்ற, வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட எளிய பிளாஸ்டிக் அட்டையாக வடிவமைத்துப் பரப்பியது. இலையின் பச்சையத்தை அளக்கும் மின்னணுக் கருவி சிறு விவசாயியின் கைக்கு எட்டாத விலையில் இருக்கும்போது, அதே ஆய்வின் பயனைச் சட்டைப்பையில் வைத்து வயலுக்கு எடுத்துச் செல்ல முடிகிறது என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

நடவு வயலில் 14ஆம் நாளிலிருந்தும், நேரடி விதைப்பில் 21ஆம் நாளிலிருந்தும், பூக்கும் வரை வாரம் ஒருமுறை காலை 8 முதல் 10 மணிக்குள் பார்க்க வேண்டும். பரவலாகப் பத்துக் குத்துகளை (நெற்பயிர்க் கொத்துகளை)த் தேர்ந்து, முழுதும் விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை, கிள்ளாமல், நம் உடலின் நிழலிலேயே அட்டையின் மேல் படியவைத்து ஒப்பிட வேண்டும். நிறம் 3க்கும் 4க்கும் இடைப்பட்டால் 3.5 என்று குறித்துக்கொள்ளலாம். ஒருவர் கண்ணுக்கும் மற்றொருவர் கண்ணுக்கும் வேறுபாடு இருப்பதால், பருவம் முழுவதும் ஒருவரே பார்ப்பது நல்லது. பத்தில் ஆறு இலைகளாவது அந்த ரகத்துக்கு உரிய எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டுமே யூரியா இட வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னிக்கு 3 என்றும், மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் 4 என்றும் இந்த எண்ணைப் பரிந்துரைக்கிறது. வெள்ளைப் பொன்னி உயர்ந்து வளர்ந்து எளிதில் சாயும் ரகம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை புரியும். கரும்பச்சை வயல் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் புகையான் பூச்சியும் அதிகம் வருவது மிகையாக யூரியா இட்ட வயலில்தான்.

எனக்குக் கிடைத்த அட்டையில் தமிழ்க் குறிப்பு எதுவும் இல்லை. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. நான்கு பட்டை அட்டையும் ஆறு பட்டை அட்டையும் புழக்கத்தில் இருக்கும் நிலையில், எந்த அட்டையில், எந்த ரகத்துக்கு, எந்த எண் என்பதை அதன் பின்புறத்திலேயே அச்சிடாவிட்டால், பல ஆண்டு ஆராய்ச்சி வரப்போடு நின்றுவிடும். மேலும், துத்தநாகக் குறைபாட்டால் வெளுத்த இலையையும் அட்டை குறைந்த எண்ணிலேயே காட்டும் என்பதால், மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), துத்தநாகச் சத்துகளை மண் பரிசோதனையின்படி முன்னரே இட்டிருக்க வேண்டும்.

வெயிலில் கிடந்தால் நிறம் மங்கும் என்பதால், உறையிலிட்டுப் பாதுகாத்து, மங்கிய அட்டையைத் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். நகலெடுத்த அட்டையையோ கைபேசியில் எடுத்த படத்தையோ நம்பி உரமிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.