‘100% காட்டன்’ என்று நம்பிப் பின்னிய குழந்தைப் போர்வை: நூல் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

குழந்தைகளுக்குப் பின்னுவதற்காக இணையத்தில் நூல் வாங்குகிறவர்கள், முதல் கண்ணி போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஆறு வாரம் வீணாகப் போனது. உங்களுக்குப் போக வேண்டாம்.

தங்கைக்கு முதல் குழந்தை. விஷயம் தெரிந்த அன்றே ஒரு போர்வை, ஒரு குல்லா, ஒரு ஜோடி காலுறை, ஒரு கிலுகிலுப்பை என்று மனதில் கணக்குப் போட்டுவிட்டேன். நான் வழக்கமாக வாங்கும் இடத்தில் க்ரீம் நிறம் தீர்ந்திருந்தது. வேறு இடங்களில் தேடிக்கொண்டு போனபோது ஒரு புது விற்பனையாளர் கண்ணில் பட்டார். ‘100% காட்டன், பேபி சாஃப்ட், பச்சிளம் குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்திலேயே, தீங்கான ரசாயனம் இல்லை என்று துணியைச் சோதித்துக் கொடுக்கும் ஓயிகோ-டெக்ஸ் சான்று முத்திரையின் படம். க்ரீமில் 11 கண்டு, ஓரத்துக்கு அடர் சிவப்பில் 3 கண்டு, ஒவ்வொன்றும் 50 கிராம் என்று ஆர்டர் போட்டேன். பொம்மைக்கு வைக்கிற பிளாஸ்டிக் கண்கள், ‘சேஃப்டி ஐஸ்’, ஒரு பாக்கெட் இலவசம் என்றார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பார்சல் வந்ததும் ஒரு கண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, லேசான பளபளப்பு வேறு. அந்த மென்மையைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். சாதாரணக் காட்டன் நூல் கண்டாக இருக்கும்போது அவ்வளவு பஞ்சு போல இருக்காது. கொஞ்சம் விறைப்பாகவும் கனமாகவும் இருக்கும், துவைக்கத் துவைக்கத்தான் இளகும். இத்தனை வருடம் பின்னுகிற எனக்கு இது தெரியும். ஆனாலும் குழந்தை நினைப்பில் கை முந்திக்கொண்டது.

அட்டையை அன்றே ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். எந்தத் தொட்டியில் சாயம் ஏற்றிய நூல் என்று காட்டும் சாய லாட் எண் அதில் இல்லை. எப்படித் துவைக்க வேண்டும் என்று காட்டும் குறிகள் இல்லை. 50 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்றும் இல்லை. முத்திரை மட்டும் அச்சாகியிருந்தது. உண்மையான ஓயிகோ-டெக்ஸ் முத்திரையில் ஒரு எண்ணும், சோதனை செய்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டால், சான்று செல்லுமா, எந்தப் பொருளுக்கு, எந்தப் பிரிவில் கொடுத்தது என்று தெரிந்துவிடும். மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் பொருள்களுக்கு முதல் பிரிவு. அதில்தான் விதிகள் மிகக் கடுமை. எண் இல்லாத முத்திரை வெறும் படம், அவ்வளவுதான்.

சரி, பின்னத் தொடங்கினேன். 3.5 மி.மீ. ஊசி, வரிசைக்கு 128 கண்ணி, முழுவதும் ஹாஃப் டபுள் குரோஷே என்ற பின்னல். போர்வை 75-க்கு 90 செ.மீ. குழந்தையின் விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் என்பதால் ஓட்டை வைத்த டிசைன் எதையும் நான் குழந்தைப் பொருள்களுக்கு எடுப்பதில்லை. மொத்தம் 112 வரிசை. பதினாலாயிரம் கண்ணிக்கு மேல்.

ஐந்தாறு வரிசை தாண்டியதும் ஒரு சத்தம் கேட்டது. நூலை இழுக்கும்போதெல்லாம் அலுமினிய ஊசியில் ‘கீச், கீச்’ என்று மெல்லிய உரசல். காட்டன் நூல் அப்படிக் கீச்சிடாது. அக்ரிலிக் என்ற செயற்கை நூலோடு பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஊசி பழசாகிவிட்டது போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே போனேன்.

நாலாவது கண்டு போடும்போது நடுவில் முடிச்சு. ஐந்தாவதில் மூன்று முடிச்சு. ஆலையிலேயே அறுந்ததை முடிந்து சுற்றியிருக்கிறார்கள். கண்டுக்கு ஒன்று வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்று என்றால் அது கழிவு நூல். ஒவ்வொரு முடிச்சையும் வெட்டிவிட்டுப் புதிதாகச் சேர்த்து, இரண்டு நுனிகளையும் ஊசியில் கோத்து மூன்று திசையில் மாற்றி மாற்றி மறைக்க வேண்டும். போர்வையில் இது வேலை கூடுவதோடு போய்விடும். காலுறைக்குள் அப்படி ஒரு நுனி தளர்ந்து தொங்கினால் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுக்கிவிடும், இரத்த ஓட்டமே நின்றுபோகும். குழந்தை காரணம் தெரியாமல் அழுதால் காலுறையைக் கழற்றி விரல்களைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆறு வாரத்தில் போர்வை முடிந்தது. சிவப்பில் மூன்று சுற்று ஓரம். வெளிச்சத்தில் விரித்தபோது நடுவில் ஒரு கோடு. ஏழாவது கண்டு தொடங்கிய இடத்திலிருந்து க்ரீம் ஒரு சாயல் மங்கலாக இருந்தது. ஒரே ஆர்டரில் இரண்டு லாட்டைக் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். அதையாவது கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பேன்.

பரிசாகக் கொடுப்பதற்கு முன் எதையும் ஒரு தடவை துவைத்துக் காயவைப்பது என் பழக்கம். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைத் துணிக்கான சோப்புத் திரவம் கொஞ்சம். போர்வையை அமுக்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது. பதறி வெளியே எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் எட்டுத் தடவை அலசினேன். எட்டாவது தடவையும் நிறம் போய்க்கொண்டுதான் இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால், ஓரத்திலிருந்து உள்நோக்கி நாலு விரல் அகலத்துக்கு க்ரீம் எல்லாம் திட்டுத் திட்டாக ரோஸ்.

உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் மிச்சமிருந்த நூலில் ஒரு சாண் வெட்டி எடுத்தேன். எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டினேன். சுத்தமான காட்டன் என்றால் காகிதம் போல எரியும், காகிதம் கருகும் வாசனை வரும், மிஞ்சுவது தொட்டால் உதிரும் சாம்பல் நிறப் பொடி. கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், நாற்றம் நெடியாக மூக்கில் ஏறும், ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான உருண்டை நிற்கும். என் நூல் முதலில் காகிதம் போலத்தான் எரிந்தது. ஆனால் சாம்பலை விரலால் நசுக்கினால் உள்ளே மிளகு போலக் கறுப்பு மணிகள் உருண்டன. நகத்தால் அழுத்தியும் உடையவில்லை. காட்டனும் அக்ரிலிக்கும் கலந்த நூல் அது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்ரிலிக் மேல் எனக்குக் கோபம் இல்லை. துவைக்க எளிது, சாயம் நன்றாகப் பிடிக்கும், அதில் அழகான போர்வைகள் பின்னுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, சூடு பட்டால் உருகும். உடம்போடு ஒட்டியிருக்கும் குழந்தைத் துணிக்குக் காட்டன் வேண்டும் என்று நினைத்து, காட்டனுக்கான விலை கொடுத்து வாங்கினேன். கலவை என்று சொல்லியிருந்தால் வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். அந்த முடிவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. போர்வை ஓரத்தை வாயில் வைத்துச் சப்பாத குழந்தை உண்டா? அந்தச் சாயம் எச்சிலோடு உள்ளே போயிருக்கும்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். “இது நார்மல்தான் மேடம், உப்பும் வினிகரும் போட்டு ஊற வைங்க, செட் ஆயிடும்” என்று பதில் வந்தது. இந்தப் பேச்சை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் அமிலச் சாயம் ஏற்றும்போது உதவும். காட்டனில் ஏற்றிய சாயத்தை அது பிடித்துவைக்காது. உப்பு, சாயத் தொட்டியில் நிறத்தை நூலுக்குள் ஏற்ற உதவுவது உண்மை. ஏற்கெனவே கழன்று வரும் சாயத்தை அது நிறுத்தாது.

மறுபடி எழுதியதும், “பிரித்த கண்டைத் திரும்ப எடுக்க மாட்டோம், பத்து நாள் கெடுவும் முடிந்துவிட்டது” என்றார்கள். அதற்குப் பிறகு பதிலே இல்லை. இரண்டு நாள் கழித்து அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்தால் ‘100% காட்டன்’ என்ற சொல் போய் ‘காட்டன் பிளெண்ட்’ என்று மாறியிருந்தது! நான் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. நல்ல வேளை, ஆர்டர் போட்ட அன்று வந்த மின்னஞ்சலில் பழைய பெயர் அப்படியே இருந்தது. அதையும் பின்னியதன் படங்களையும் சேர்த்து, வாங்கிய தளத்தில் புகார் கொடுத்தேன். நூலுக்கான பணம் திரும்ப வந்தது. ஆறு வாரத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

அந்த இலவசக் கண்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. ‘பச்சிளம் குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது’ என்று பாக்கெட்டில் எழுதியிருந்தது. பின்பக்கத்து வாஷரை அழுத்தினால் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இது கட்டைவிரலால் தள்ளினாலே கழன்று வந்தது. நன்றாகப் பூட்டும் கண் என்றாலும் மூன்று வயதுக்குள் உள்ள குழந்தையின் பொம்மைக்கு வைக்காதீர்கள். குழந்தை கடித்து இழுக்கும்போது கண் உடையாது, சுற்றியுள்ள பின்னல்தான் விரியும், கண் வாஷரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். மூச்சுக்குழலை அடைக்கும் சிறு பொருள் எது என்று சோதிக்க 31.7 மி.மீ. அகலமுள்ள உருளை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக் குழந்தையின் பொம்மையிலிருந்து கழன்று வரக் கூடாது. இந்தக் கண்கள் அதில் பத்துப் பதினைந்து ஒன்றாகவே அடங்கும். கிலுகிலுப்பைக்குக் கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிட்டேன். பார்க்கவும் அதுதான் அழகு.

இப்போது நூல் வந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்கிவிடுகிறேன், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். முதல் வேலை, எல்லா அட்டைகளையும் வரிசையாக வைத்து லாட் எண் ஒன்றுதானா என்று பார்ப்பது. அப்புறம் சமையலறைத் தராசில் ஒரு கண்டை நிறுப்பது. போன தடவை நிறுக்காமல் விட்டதை, மிச்சமிருந்த பிரிக்காத கண்டில் பிறகு நிறுத்துப் பார்த்தேன், அட்டையையும் சேர்த்து 43 கிராம்தான். காட்டன் காற்றின் ஈரத்தை வாங்குவதால் ஒன்றிரண்டு கிராம் ஏறி இறங்கும், ஏழு கிராம் குறையாது. அடுத்து ஒரு சாண் நூலை நெருப்பில் காட்டுவது. சாயத்துக்கு, அடர் நிற நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு கோப்பை வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு வைக்கிறேன். வெள்ளைத் துணியில் கறை ஏறினால் அந்தக் கண்டு அப்படியே திரும்பப் போகிறது. இரண்டு நிறம் சேர்ப்பதாக இருந்தால், இரண்டையும் சேர்த்து உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னித் துவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. விற்பனைப் பக்கத்தை ஆர்டர் போடும்போதே படம் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு நொடி போதும், புகார் கொடுக்கும்போது அதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி.

கையால் பின்னிய பொருளைப் பரிசாக வாங்குகிறவர்களும் இதே கேள்விகளைப் பின்னுகிறவரிடம் கேளுங்கள். என்ன நூல், துவைத்துப் பார்த்தீர்களா, கண் தைத்ததா வைத்ததா, குல்லாவுக்குக் கழுத்தில் கட்டும் நாடா இருக்கிறதா. நாடா இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்தில் இறுக்கிவிடும். நல்ல பின்னல்காரர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தங்கையிடம் போர்வையைக் காட்டினேன். தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நான் வச்சுக்கிறேன்க்கா, சுவர்ல மாட்டிக்கிறேன். ஆனா குழந்தை மேல போட வேண்டாம்” என்றாள். குழந்தை பிறப்பதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. வழக்கமான இடத்தில் வெள்ளை நூல் வாங்கி, எரித்தும் நனைத்தும் பார்த்துவிட்டு, குல்லாவும் காலுறையும் மட்டும் முடித்தேன். குல்லா மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்து மூடும் நூல் வளையத்தில், ஆறு கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூடும் அதே பழைய கணக்கு. தொங்கும் நுனி ஒன்றுகூட உள்ளே இல்லை என்று காலுறைகளை மூன்று தடவை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். புதுப் போர்வை இப்போதுதான் நாற்பதாவது வரிசையில் இருக்கிறது. ஒரு வயது வரை தொட்டிலில் தூங்கும் குழந்தை மேல் தளர்வான போர்வை எதுவும் போடக் கூடாது என்பதால், அவசரமும் இல்லை.

போன வாரம் நூல் தேடும்போது அதே படங்கள் வேறொரு கடைப் பெயரில் மறுபடி வந்திருப்பதைப் பார்த்தேன். பிரம்புக் கூடையில் க்ரீம் கண்டுகள், எல்லா அட்டைகளும் பின்பக்கம் திரும்பியிருக்கும், மூலையில் எண் இல்லாத அந்த முத்திரை. பெயர் மறுபடியும் ‘100% காட்டன்’ ஆகிவிட்டது. அந்தக் கூடைப் படம் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.